கக்கூஸ் வைத்த வண்டி

துபாய்க்குப் போகிறவர்கள் உயரமான கட்டடங்களைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். நான் வாயைப் பிளந்தது ஒரு கக்கூஸைப் பார்த்து. அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே, பீரோ அகலத்தில், ஓர் ஆள் நுழைந்தால் திரும்ப இடமில்லாத கக்கூஸ். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் ஒரு வண்டிக்குள் அது இருந்தது. அந்த வண்டியே வேண்டாம் என்று நான் கரூரில் உட்கார்ந்துகொண்டு போனில் தீர்ப்புச் சொல்லியிருந்தேன். அந்தத் தீர்ப்பு யார் தலையில் விழுந்தது என்பது அங்கே போய் இறங்கிய நாலாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது.

கரூரில் நான் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். எஞ்சினும் சக்கரமும் மட்டும் வைத்த வெறும் சேசிஸாக வரும். இரும்புச் சட்டம் அடித்து, தகரம் போர்த்தி, சீட்டுப் போட்டு, பெயின்ட் அடித்து பஸ்ஸாக அனுப்புவோம். அதனால் எங்கள் சொந்தத்தில் யார் சக்கரம் வைத்த எதை வாங்கினாலும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கமாட்டார்கள். குழந்தைக்கு நடைவண்டி வாங்கக்கூட என்னிடம் கேட்டவர்கள் உண்டு. எனக்கும் அதில் தலைக்கனம் கொஞ்சம் உண்டுதான்.

என் தங்கை கோமதி கல்யாணமாகி, துபாயை அடுத்த அஜ்மானுக்குப் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை சேகர் ஷார்ஜாவில் ஏசி பராமரிக்கும் கம்பெனியில் சூபர்வைசர். ஒரே மகள் யாழினிக்குப் பதிமூன்று வயது. குளிர்காலம் தொடங்கும் சமயத்தில் சேகர் போன் செய்தார். "மச்சான், காருக்குப் பின்னால இழுத்துட்டுப் போற வண்டி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோமுங்க. உள்ளயே படுத்துக்கலாம், சோறாக்கிக்கலாம். குடும்பத்தோட வெளிய தெருவ போய்ட்டு வரலாமுங்க." இரண்டு வண்டிகளின் படமும் வந்தது. ஒன்று மடக்குக் கூடாரம் வைத்த வண்டி. இன்னொன்றில்தான் அந்தக் கக்கூஸ்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சோறாக்கற எடத்துக்குப் பக்கத்துல கக்கூஸா? மனுசன் படுப்பானா அதுல? அந்தக் கருமமே வேண்டாம் மாப்ள. கூடாரம் வச்சதே போதும். நான் வந்து பார்த்துக்கறேன்" என்றேன்.  சேகர், "சரிங்க மச்சான்" என்றார். சரி என்று சொல்லிவிட்டாரே என்று நானும் இரண்டு வாரத்துக்குப் பட்டறையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

முதல் நாளே எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஏர்போர்ட்டுக்குச் சேகரும் யாழினியும் வந்திருந்தார்கள். கோமதி வரவில்லை. "அம்மாக்கு குக்கிங் வொர்க் இருக்கு மாமா" என்றாள் யாழினி. மூன்று வருஷம் கழித்துப் பார்க்கப்போகிற அண்ணனைவிடக் குழம்பு பெரிதாகப் போய்விட்டதா? வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் காரில் ஏறியதிலிருந்து ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே இன்னொரு அதிர்ச்சி. எங்கள் ஊரில் ஒரே பாதையில் பஸ், லாரி, மாட்டுவண்டி, மொபெட் எல்லாம் எப்படியோ போய்விடும். இங்கே ஒரே பக்கத்துக்கு ஆறு பாதை போட்டிருக்கிறார்கள், ஆறிலும் ஒரு வண்டி நகரவில்லை. ஹாரன் சத்தமும் இல்லை. அத்தனை பேரும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சமாதி நிலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். "அஜ்மான்ல வாடகை கம்மிங்க மச்சான். அதனால எல்லாரும் அங்க குடியிருந்துட்டு இங்க டூட்டிக்கு வர்றாங்க. தெனமும் இப்படித்தானுங்க" என்றார் சேகர். எனக்குக் கால் மரத்துப்போனது.

வீட்டில் கோமதி பத்து ஆளுக்குச் சமைத்து வைத்திருந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். வெயில் ஊர் அப்படித்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். கரூரிலிருந்து நான் கொண்டுபோன தட்டுவடைப் பொட்டலத்தைப் பிரித்து, காரச் சட்னியும் துருவிய பீட்ரூட்டும் நடுவே வைத்து, அங்கேயே நின்றபடி மூன்று 'செட்' தின்றாள். தண்ணீர் மட்டும் ஒரு மடக்கோடு நிறுத்திக்கொண்டாள். காரத்தில் அவளுக்குக் கண்ணீர் வந்தது. எனக்குக் கோபம் பாதி போய்விட்டது.

இரண்டாம் நாள் பாலைவனத்துக்குப் போனோம். இந்த ஊர்க்காரர்கள் வண்டியை எப்படி வைத்துப் புழங்குகிறார்கள் என்று நான் பார்க்க வேண்டாமா? கோமதியைக் கூப்பிட்டேன். "துவைக்கிற துணி மலையாட்டம் கெடக்குதுங்ணா. நீங்க போயிட்டு வாங்க" என்றாள். துவைப்பது மிஷின். அதற்கு இவள் காவலா?

மணல் மேட்டைத் தாண்டியதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெறும் பொட்டல் என்று நினைத்துப் போனால் ஓர் ஊரே இருந்தது. நூற்றுக்கணக்கான இழுவை வண்டிகள். குளிர் தொடங்கினால் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்திவிட்டு, வாரக் கடைசி தவறாமல் வந்து தங்குவார்களாம். ஒரு வண்டியின் பக்கச் சுவர் டிராயர் மாதிரி வெளியே நீண்டு உள்ளே ஒரு கூடமே இருந்தது. அதில் சோபா, தொங்குவிளக்கு, சுவரை அடைத்து டிவி. வெளியே கம்பளம் விரித்து, அதன்மேல் நெருப்புச் சட்டி வைத்து ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. நல்ல வெயிலடிக்கிறது, அவர்கள் குளிர் காய்கிறார்கள். முப்பது வருஷமாக வண்டிக்குப் பாடி கட்டுகிறேன் என்று சொல்லிக்கொள்ளவே எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஒரு வயதான அரபுக்காரர் எங்களைக் கூப்பிட்டுப் பேரீச்சம்பழமும், கைக்குள் மறையும் கிண்ணத்தில் ஏலக்காய் மணக்கும் காப்பியும் கொடுத்தார். பக்கத்து வண்டியில் ஓர் அம்மாள் கணவரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்று சேகரைக் கேட்டேன். "போன வருசமும் இதே எடத்துலதான் சக்கரத்தப் பொதைச்சே. இந்த வருசமும் இதே எடமா? உனக்குக் கண்ணு எங்க இருக்குதுன்னு கேக்கறாங்க மச்சான்." எனக்குக் கரூரில் என் வீட்டு வாசலில் நிற்பது போலவே இருந்தது.

பார்த்த வண்டிகளில் முக்கால்வாசியில் கக்கூஸ் இருந்தது. நான் மூக்கைச் சுளித்து, "இவ்வளவு காசு வச்சிருந்தும் புத்தி இல்ல பாருங்க மாப்ள. திங்கற எடத்துலயே இதையும் வச்சுக்கறானுக" என்றேன். சேகர், "மச்சான், அது வந்துங்க..." என்று தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டார். யாழினி என்னை ஒரு பார்வை பார்த்தாள். சின்னப் பிள்ளைக்கு வெயிலில் தலைவலி போல என்று நினைத்தேன். எனக்கு அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் ஷார்ஜாவில் பழைய இழுவை வண்டிகள் விற்கும் யார்டுக்குப் போனோம். அதை நடத்தியவர் கீழக்கரைக்காரர், ஜமால் பாய் என்றார்கள். தமிழ்க் குரல் கேட்டதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. நேராகக் குனிந்து வண்டிகளுக்கு அடியில் நுழைந்தேன். சட்டை முழுக்க மண். பாய் சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

முட்டை மாதிரி உருண்டையாக ஒரு வண்டி இருந்தது. அதில் இரண்டு பேர் படுக்கலாம், உட்கார முடியாது. சமைப்பது பின்கதவைத் தூக்கிவிட்டு வெளியே நின்று. புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்குச் சரி, பதிமூன்று வயதுப் பெண்ணை எங்கே படுக்க வைப்பது? அடுத்தது நாலு சக்கரத்தில் பஸ் நீளத்துக்கு ஒன்று. சேகரின் கார் அதை இழுத்தால் பிரேக் போடும்போது வண்டி காரைத் தள்ளிக்கொண்டு போகும். வேண்டவே வேண்டாம் என்றேன். கொக்கியில் தாங்கும் பாரம் சரியாக இருக்க வேண்டும், பின்பக்கம் கனத்தால் வேகத்தில் வால் ஆட்டும் என்றெல்லாம் நான் அடுக்க, பாய் தலையாட்டினார். "அண்ணனுக்குத் தொழில் தெரியுது" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மடக்குக் கூடார வண்டி நல்ல வண்டிதான். எடை குறைவு, அடிச்சட்டம் கெட்டி, அடுப்பு பின்னால் டிராயரில் வருகிறது. கடைசியாக, பார்க்காமல் தள்ளினேன் என்று யாரும் சொல்லக் கூடாதே என்று, பதினாறு அடி நீளமுள்ள அந்தக் கக்கூஸ் வண்டிக்குள்ளும் தலையை நீட்டினேன். போட்டோவில் பார்த்ததைவிட மோசம். அடுப்பில் நின்றால் முழங்கை கக்கூஸ் கதவில் இடிக்கும். அங்கேதான் வாயைப் பிளந்தேன். "இத ஏன் பாய் இன்னும் வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, கூடார வண்டியைப் பேசி முடித்துவிடலாம் என்றேன்.

பாய் டீயை உறிஞ்சியபடி, "வீட்டு அம்மா வரலையா?" என்று கேட்டார்.

"வண்டி பாக்கறதுக்குப் பொம்பளைங்க எதுக்குங்க பாய்?"

"அண்ணே, அடியில நீங்க பாத்துட்டீக. உள்ள அவக பாக்கணும்ல? அரபி வீட்டு ஆம்பளைக டயர உதைச்சுப் பாத்துட்டு ஓரமா நிப்பாக. பொம்பளைக உள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டா அரை மணி நேரம் வெளிய வரமாட்டாக. அவக சரின்னாத்தான் வியாபாரம். நம்மாளுக ரெண்டு பேரு பொண்டாட்டியக் காட்டாம வாங்கிட்டுப் போயி, மறுவாரமே கொண்டாந்து நிப்பாட்டிட்டாக. எனக்கு அந்தத் தலவலி மாஃபி, வேண்டவே வேண்டாம். கூட்டிட்டு வாங்க, யல்லா, கெளம்புங்க."

விற்க மறுக்கிற வியாபாரியை நான் அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தேன். காரில் வரும்போது, "உங்க யார்டுக்காரருக்குக் கொழுப்பு ஜாஸ்தி" என்று சேகரிடம் சொன்னேன். 

நாலாம் நாள் விடிந்ததும் நான் பிடிவாதம் பிடித்தேன். "இன்னைக்குக் கராமா போயிச் சாப்புடறோம். வர்ற வழில வண்டியப் பாக்கறோம். நீயும் வர்றே." கோமதி அடுக்களையில் கையைத் துடைத்தபடி, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றாள். எனக்குக் குரல் ஏறிவிட்டது. "ஏர்போர்ட்டுக்கும் வரல. பாலைவனத்துக்கும் வரல. அண்ணன் வந்தது உனக்குப் பாரமா இருக்குதா? சொல்லிப்போடு, நாளைக்கே கெளம்பறேன்." அவள் முகம் அப்படியே வெளுத்தது. "வர்றேங்ணா" என்று உள்ளே போனாள். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

துபாயின் கராமாவில் பழைய நாலுமாடிக் கட்டடங்களுக்குக் கீழே நம்ம ஊர்ச் சாப்பாட்டுக் கடைகள். வாழையிலை போட்டு, சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பக்கத்து மேசையில் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் ஒருவர், "லீவு கெடைச்சா ஊருக்குப் போயி மொதல்ல ரெண்டு நாளு தூங்கணும்ப்பா" என்று நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கோமதி ரசத்தைத் தொடவில்லை, மோரையும் தொடவில்லை. மூன்று முறை எழுந்து போய்விட்டு வந்தாள். "என்ன கண்ணு, கடைச் சாப்பாடு புடிக்கலையா?" என்று நான் கேலி செய்தேன். கிளம்பும்போது தெருமுனைக் கடையில் நாலு கரக் சாய், அந்த ஊர்க் கெட்டி டீ, சொன்னேன். வேண்டாம் என்றவளிடம், "அண்ணன் வாங்கித் தர்றேன், குடி" என்று பேப்பர் கப்பைக் கையில் திணித்து, அவள் குடித்து முடிக்கும்வரை எதிரே நின்றேன். 

சாலையில் ஏறிய கால் மணி நேரத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. அதே ஆறு பாதை. முன்னால் எங்கோ ஒரு லாரி மோதிவிட்டதாம். நான் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு கூடார வண்டியின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தேன். பின்னால் கோமதி, "என்னங்க" என்றாள். ஒரே ஒரு முறைதான் சொன்னாள். சேகர் கண்ணாடியில் பார்த்தார். வலப்பக்கம் மூன்று பாதை, இடப்பக்கம் இரண்டு பாதை தாண்டித் தடுப்புச் சுவர். அவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

நான் திரும்பப் போனேன். "மாமா, திரும்பாதீங்க" என்றாள் யாழினி.

அந்தக் குரலைக் கேட்டு நான் அப்படியே உறைந்துவிட்டேன். குழந்தையின் குரல் இல்லை அது, ஆஸ்பத்திரி நர்சின் குரல். பின்னால் துப்பட்டாவை ஜன்னலில் சொருகும் சத்தம் கேட்டது, ஏதோ பையின் ஜிப் திறந்தது, துண்டை உதறினார்கள். பக்கத்துப் பாதையில் வேலையாட்களை ஏற்றிய கம்பெனி பஸ் ஒன்று எங்களை ஒட்டி நின்றிருந்தது. சேகர் நேர் எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காரில் மற்ற மூன்று பேருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. தெரியாதவன் நான் ஒருவன்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கோமதி மகளிடம் மெதுவாக, "அண்ணன் இருக்கறப்பப் போயி..." என்று சொல்லி அழுதது ரேடியோவை மீறிக் கேட்டது. வீடு போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆயிற்று. 

கார் நிறுத்துமிடத்தில் அம்மாவும் மகளும் மேலே போனதும், சேகர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே சொன்னார். இரண்டு வருஷம் முன்பு கோமதிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவளால் சிறுநீரை அடக்க முடியவில்லை என்பது தெரியாது. வருகிறது என்று தெரிந்த நிமிஷமே போயாக வேண்டும். மாத்திரை, பயிற்சி எல்லாம் பார்த்தாயிற்று, கொஞ்சம் தேவலை என்றார். "பள்ளிக்கூடம், பக்கத்துக் கடை, வீடு. அவ்வளவுதானுங்க மச்சான் அவளுக்கு ஊரு. பெட்ரோல் பங்க் வர்ற வரைக்கும் தாங்காதுங்க. வெளிய கெளம்பற அன்னைக்குக் காலைலிருந்து தண்ணியே குடிக்கமாட்டா."

"ஞாயித்துக்கெழம தவறாம போன்ல பேசறேனே மாப்ள. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"கூடப் பொறந்த அண்ணங்கிட்ட இத எப்படீங்க சொல்லுவா? நானும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

எனக்கு இன்னொன்று மண்டையில் உறைத்தது. "அப்ப அந்தக் கக்கூஸ் வச்ச வண்டி?"

சேகர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அவளா தேடிப் பார்த்துப் புடிச்சதுங்க. இந்தப் பக்கம் கடல்ல சூரியன் முழுகறதத்தான் பாத்திருக்கேன், அந்தப் பக்கம் கெழக்குக் கடக்கரைல கோர்பக்கான் போயி எந்திரிக்கறதப் பாக்கோணும்னு அவளுக்கு ரொம்ப நாளா ஆசை. நீங்க அன்னைக்குக் கருமம்னு சொன்னப்ப போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சுங்க. பக்கத்துலதான் உக்காந்திருந்தா."

 நான் சொன்ன ஒற்றைச் சொல்லுக்காக அவள் தன் ஆசையை மடித்து வைத்துவிட்டாள். பெரியவர் சொல்லை மீறக் கூடாது என்று சேகரும் விட்டுக்கொடுத்துவிட்டார். நானோ அவளை வைது, டீ வாங்கிக் கொடுத்து, குடிக்க வைத்து, அந்த நெரிசலில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். 

ஐந்தாம் நாள் காலையில் அடுக்களைக்குப் போனேன். கோமதி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய் எனக்கு. "கண்ணு, அந்த இன்னொரு வண்டிய நான் சரியாப் பாக்கல" என்றேன்.

"வேண்டாமுங்ணா. நீங்க சொன்னதே இருக்கட்டும்."

"நான் சொன்னது தப்பு. நீ வந்து பாரு. நீ பாத்துச் சொல்லு, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்." தோசை கருகும்வரை அவள் அப்படியே நின்றாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

ஷார்ஜா பக்கம்தான் என்பதால் நெரிசல் தொடங்கும் முன்பே யார்டுக்குப் போய்விட்டோம். ஜமால் பாய் அவளைப் பார்த்ததும் சாவியை நீட்டினார். கோமதி வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. நாங்கள் மூன்று பேரும் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்தோம். யாழினி மட்டும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். உள்ளே ஒரு கதவு திறப்பதும் மூடுவதுமாகச் சத்தம், நடை, மறுபடியும் கதவு. பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பது போல நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தவள் என்னைப் பார்த்துத்தான் பேசினாள். "கட்டில்ல இருந்து ரெண்டே எட்டுத்தானுங்ணா. ஆனா கக்கூஸ் கதவு உள்பக்கமா தெறக்குது, நுழையறதுக்குள்ள நேரமாயிரும். வெளிப்பக்கமா தெறக்கோணும். அப்புறம் வண்டிப் படி ஒசரம். அவசரத்துல ஏற முடியாது. புடிச்சுக்க ஒண்ணுமில்ல."

அடியில் படுத்துப் பார்த்த நான் இதை ஜென்மத்துக்கும் கண்டுபிடித்திருக்க முடியாது. விலை பேசி முடித்த கையோடு பாயிடம் டிரில், ஸ்க்ரூடிரைவர், ரம்பம் எல்லாம் கேட்டு வாங்கினேன். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலையில் இறங்கினேன். கதவைக் கழற்றி, கீலை இடம் மாற்றி, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டினேன். அடுப்பில் இடிக்காமல் இருக்க அகலத்தில் இரண்டு விரற்கடை அறுத்து, இடைவெளிக்குச் சட்டம் அடித்தேன். தாழ்ப்பாளை ஒரே தட்டில் விழும்படி மாற்றினேன். வாசலுக்கு டவுன் பஸ்ஸில் வைப்பது போலவே தாழ்வான ஃபுட்போர்டு ஒன்று அடித்து, இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி வைத்தேன். ஓடும்போது மடித்துவிடலாம். பாய் பழைய இரும்பு எல்லாம் தேடித் தேடிக் கொடுத்தார். இரண்டு நாள் பிடித்தது. என் பட்டறையில் கட்டிய எந்த பஸ்ஸுக்கும் நான் இத்தனை முறை அளந்ததில்லை.

டயரைப் பார்த்தபோதுதான் இன்னொரு திடுக்கிடல். பட்டன், அதாவது ரோட்டில் படும் மேல்வரி, புத்தம் புதுசாக இருந்தது. ஓரத்தில் பொறித்திருந்த வருஷத்தைப் படித்தால் டயர் எட்டு வயதுக் கிழம். ஓடாமல் வெயிலிலேயே நின்று ரப்பர் வெந்து போயிருந்தது. "இதுல என் தங்கச்சி போகோணுமுங்க பாய்" என்றேன். பாய் மறுபேச்சுப் பேசாமல் இரண்டையும் மாற்றிக் கொடுத்தார். "மொத நாளு கக்கூஸப் பாத்து மூஞ்சியச் சுளிச்சது நீங்கதானே அண்ணே?" என்று மட்டும் கேட்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

சோதனை, பதிவு எல்லாம் முடிந்து வண்டி கைக்கு வந்த காலையில் பூசை போட்டோம். எங்கள் பட்டறையில் பஸ் வெளியே போகும்போது சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, முன்கண்ணாடிக்குக் கீழே, வண்டிக்கு நெற்றி என்று சொல்வோம், அங்கே சந்தனமும் குங்குமமும் வைப்போம். இந்த வண்டிக்கு முகமே இல்லை. முன்னால் வெறும் கொக்கிதான் இருக்கிறது. சந்தனக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். பிறகு ஃபுட்போர்டில் கால் வைத்து உள்ளே ஏறி, கக்கூஸ் கதவின் நடுவில் மூன்று விரலால் சந்தனம் இழுத்துக் குங்குமம் வைத்தேன்.

"ஐயோ அண்ணா, அது பாத்ரூம் கதவுங்ணா!" என்று கோமதி பதறினாள்.

"தெரியும் கண்ணு" என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. கீழே இறங்கிவிட்டேன்.

மறுநாள் கோர்பக்கான். காரில் ஏறும்போதே கோமதி ஒரு பாட்டில் தண்ணீரைத் திறந்து, என்னைப் பார்த்துக்கொண்டே, மடக் மடக்கென்று குடித்தாள். வழியில் வண்டியை ஓரங்கட்ட வசதி கிடைத்த இடத்திலெல்லாம் நின்றோம். மலைகள் எல்லாம் ஒரு புல் பூண்டு இல்லாமல், யாரோ அரைத்துக் கொட்டிய ஜல்லி மாதிரி நின்றன. அதைக் குடைந்து வழி போட்டிருக்கிறார்கள். கடற்கரையில் வண்டியைப் பின்னால் எடுக்கச் சேகர் பட்ட பாடு பெரும்பாடு. வலப்பக்கம் திருப்பினால் வண்டி இடப்பக்கம் போனது. நான் "வரலாம், வரலாம், ஹோல்டான்!" என்று கத்தியும் குப்பைத் தொட்டியில் போய் இடித்தது. அங்கே நின்ற பெஷாவர்க்கார லாரி டிரைவர் ஒருவர் ஓடிவந்தார். "அண்ணே, மனசு எந்தப் பக்கம் சொல்லுதோ அதுக்கு எதிர்ப்பக்கம் திருப்பு, ஜல்தி" என்று இந்தியில் சொன்னாராம். வண்டி நேராக வந்து நின்றது.

விடியற்காலையில் மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். கடலிலிருந்து சூரியன் ஏறியது. கோமதி நடுவில் ஒரு முறை எழுந்து, நாலே எட்டில் வண்டிக்குள் போய்விட்டுத் திரும்பி வந்து, "ரொம்ப மேல போயிருச்சா?" என்று கேட்டாள். இல்லை, இன்னும் பாதி தண்ணிக்குள்ளதான் இருக்குது என்றேன். அன்றைக்கு அந்த வண்டியின் கழிவுப் பெட்டியை, வெளிப்பக்கம் ஒரு சிறு கதவைத் திறந்து டிராயர் போல உருவி, பொதுக் கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிக் கழுவி வந்தது நான்தான். சேகர் கையைப் பிடித்துத் தடுத்தார். விடவில்லை. நாறவே இல்லை என்பதும் எனக்கு ஓர் அதிர்ச்சிதான்.

ஊருக்குக் கிளம்பும் நாள் வந்தது. பெட்டியைக் காரில் வைக்கும்போது பார்த்தால் பின்னால் வண்டி பூட்டியிருந்தது. கோமதி செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். "நான் வர்றேங்ணா, ஏர்போர்ட்டுக்கு" என்றாள். வண்டியை அங்கே உள்ளே விடமாட்டார்கள், பக்கத்தில் ஒரு திடலில் நிறுத்திவிட்டு டாக்சி பிடித்துக்கொள்ளலாம் என்று சேகர் ஏற்பாடு செய்திருந்தார்.

ஆறு பாதையிலும் வண்டிகள் நின்றன. சாயங்கால நெரிசல். முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கெட்டியவரை சிவப்பு விளக்கு. கால் மணி, அரை மணி ஆயிற்று. எனக்கு விமானத்தைப் பற்றிய கவலையே வரவில்லை. கதவு திறக்குமா, இறங்கிப் பின்னாலுள்ள வண்டிக்கு ஓடுவாளா என்று காது முழுக்கப் பின்சீட்டில்தான் இருந்தது. அங்கே ஒரு சத்தமும் இல்லை. எனக்குப் பகீரென்றது. ஆனாலும் கழுத்தைத் திருப்பாமல், முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு விறைத்து உட்கார்ந்திருந்தேன்.

"மாமா" என்றாள் யாழினி மெதுவாக. "திரும்பிப் பாருங்க."

திரும்பினேன். கோமதி மகளின் தோளில் தலை சாய்த்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில் இருந்தது.